சின்ன சி

மரப்பாலத்தில் மண் சரிந்த இரவு.
கோவையிலிருந்து எதுவும் மேலே வராது,
பாலும் வராது, பையும் வராது.
குன்னூர் ரத்த வங்கியின் குளிர்பெட்டியில்
ஓ பாசிட்டிவ் ஆறு.
வெளியிலும் ஏறக்குறைய அதே குளிர்.

யோகராணி, நாற்பத்தாறு, தேயிலை பறிப்பவர்.
கர்ப்பப்பையில் கட்டி,
எட்டு நாளாக நிற்காத போக்கு,
ஹீமோகுளோபின் நாலரை.
படிவத்தில் டாக்டர் கேட்டு எழுதியிருந்தது:
முன்பு ரத்தம் ஏற்றியதுண்டா? இல்லை.
பிள்ளைப்பேறு? இல்லை.

அவள் சீரம் இரண்டு சொட்டு,
பையின் சிவப்பணு ஒரு சொட்டு,
உடல் சூட்டில் அரை மணி நேரம்.
உப்புநீரில் மூன்று முறை கழுவி,
கூம்ஸ் விட்டு, சுழற்றி,
குழாயை விளக்குக்கு நேரே சாய்க்க வேண்டும்.
மெல்ல.
தூங்கிவிட்டவர் முகத்திலிருந்து
கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி.

அடியில் படிந்த சிவப்புப் பொட்டு
புகையாய்க் கலைந்தால் சரி.
திரண்டு வந்தால் ஆகாது.

பதினேழு வருடமாகப் பார்க்கிறேன், பழகவில்லை:
இந்த மேசையில் மட்டும்
கைகோத்தால் பகை.
ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போனால்
பொருத்தம் என்று கையெழுத்துப் போடுவேன்.

முதல் பை, வெலிங்டன் சிப்பாய். திரண்டது.
அடுத்தது அறவேணு லாரிக்காரர். திரண்டது.
மூன்றாவதும்.
ஓவுக்கு ஓதானே, பிறகென்ன என்று
வார்டிலிருந்து போனில் கத்துகிறார்கள்.

"என்னுத எடுங்க" என்று
சட்டைக் கையை மடித்தபடி வந்தார் கணவர் தவசீலன்.
அவரும் ஓதான். பார்த்தேன்.
"சேரலையா?"
"சேருதுங்க. அதான் சிக்கல்."
மடித்த கையை இறக்கிவிடாமலே
வராந்தாவுக்குப் போய் நின்றார்.

பதினொரு சிறு குப்பிகள்,
முகம் தெரியாத பதினொரு பேரின் அணுக்கள்.
அட்டவணையில் ஸ்கேலை வைத்து
ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால்
விடியற்காலை மூன்றரைக்கு
ஓர் எழுத்து மிச்சம்.
சின்ன சி.
பெரிய சி என்று ஒன்று உண்டு, இது சின்னது.
பெயர் வைத்தவர் அதற்குமேல்
எதுவும் நினைத்திருக்க மாட்டார்.

யோகராணியின் அணுக்களில் அது கிடையாது.
தன்னிடம் இல்லாத ஒன்றின் மேல்
இந்த வகை எதிர்ப்பை ரத்தம் சும்மா வளர்க்காது.
எப்போதோ சந்தித்திருக்க வேண்டும்,
ஏற்றிய பை ஒன்றில். அல்லது
தகப்பன் வழியே வாங்கிக்கொண்டு வந்து
இவளுக்குள் சில மாதம் தங்கிய ஒருவரிடம்.

படிவம் இரண்டுக்கும் இல்லை என்கிறது.
படிவத்தைத் திருத்துவது என் வேலையில்லை.

மீதி மூன்றில் இரண்டு பொருந்தின.
ஒன்று கட்டபெட்டுக் கல்லூரிப் பையன்,
ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தவன்.
இன்னொன்றுக்கு எண் மட்டும்தான்.
குழாயைச் சாய்த்தபோது
சரிவில் மேகம் இறங்குவது போல்
யாரையும் தொடாமல் இறங்கின.

பையோடு நானே வார்டுக்குப் போனேன்.
கணவர் பன் வாங்கப் போயிருந்தார்.
"இந்த அட்டை எப்பவும் கையில இருக்கணும்.
எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல காட்டணும்."
"என்ன போட்டிருக்கு?"
"சின்ன சின்னு ஒண்ணு.
அதை உங்க ரத்தம் ஏத்துக்காது."
"எப்பலேர்ந்து?"
"சொல்ல முடியாதுங்க. பல வருசமா இருக்கலாம்."

சன்னல் கண்ணாடியில் பனி.
விரலால் கொஞ்சம் துடைத்தாள்,
வெளியே பார்க்க ஒன்றுமில்லை.
"இருபத்திரெண்டு" என்றாள்.

இருபத்திரெண்டு என்னவென்று நான் கேட்கவில்லை.
அட்டையை வாங்கி, எழுத்திருக்கும் பக்கத்தை
உள்ளே வைத்து மடித்தாள்.

முதல் பதினைந்து நிமிடம்
சொட்டு மெதுவாகத்தான் விழ வேண்டும்,
பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.
அது நர்சின் வேலை.
நான் இருந்தேன்.